ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டர்

துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஒருத்தி பழைய கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் அணைத்திருந்தாள். பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரிந்த அவள் தம்பி. டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டினான்.

“ஆன் பண்ணுனா உள்ள யாரோ கதவத் தட்டுத மாதிரி கேக்குதுலே தம்பி.”

“ஹார்ட் டிஸ்க் போகப்போவுதுக்கா. இனி ஆன் பண்ணாத. கேபிளும் துருப்பிடிச்சுக் கிடக்கு. அத மாத்திட்டு, ஒரே தடவ ஓடவிட்டு காப்பி எடுத்துருவோம்.”

“ஒங்க அத்தான் பாடுன வீடியோ கிடைச்சிரும்லா? அதுல மட்டும்தானலே அவரு குரல் இருக்கு.”

“பாப்போம். உப்புக்காத்து அடிக்குற ஜன்னல்ல எவளாவது கம்ப்யூட்டர வைப்பாளா?”

“கடலுக்குப் போனவரு திரும்பல. அவரு பாடும்போது அலைச்சத்தமும் கேக்கட்டும்னு வச்சேன்.”

பஸ் கடற்கரைச் சாலையில் திரும்பியது. காற்று பட்டதும் எல்லோருக்கும் கண் சொக்கியது. அவள் மட்டும் கையை நீட்டி ஜன்னல் ஷட்டரை இறக்கினாள்.