கதவின் உட்புறம்

சொந்தமாகப் பட்டறை கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் லேத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். அது தவறு. முதலில் யோசிக்கவேண்டியது கதவைப் பற்றி. கதவு சரியாக மூடாவிட்டால் ஈரக்காற்று உள்ளே வரும். ஈரம் வந்தால் துரு வரும். துரு ஏறிய பிறகு உள்ளே எவ்வளவு நல்ல கருவி வைத்திருந்தாலும் நீங்கள் பழைய இரும்புக் கடைக்காரர்தான். இதை எழுதிக்கொள்கிறவர் சிரிக்கிறார். பரவாயில்லை, ஐயா, கதவிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்பதும் கதவைப் பற்றித்தானே.

நான் இரும்புத் தொழில் செய்பவன் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ரயில் நேர அட்டவணை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், பள்ளிக்கூடத் தேர்வுத்தாள். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் செய்த தவறைப் பார்த்தே வயிறு வளர்க்கிறேன். மாலையில் ஒரு மணி நேரம், ஞாயிறு முழுவதும் என் சொந்த வேலை. வீட்டுக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி ஓர் அறை. கட்டிப் பன்னிரண்டு வருடமாயிற்று. சுவரை நானே எழுப்பினேன். இருந்த இரண்டு ஜன்னல்களையும் செங்கல் வைத்து நானே அடைத்தேன். பழைய இயந்திர பாகங்களை உருக்கி, மண் அச்சில் வார்த்து, அரத்தால் ராவி, லேத்தையே நான்தான் செய்தேன். பலகைக் கதவின் உட்புறத்தில் ஓர் எஃகுத் தகட்டை அடித்து முகம் தெரியும்வரை மெருகேற்றினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் ஊரே இல்லாதது போல் இருக்கும்.

"இரும்பு பிடிச்ச கையும் சிரங்கு பிடிச்ச கையும் சும்மா இருக்காதுன்னு தெரியாமலா சொன்னாங்க" என்பாள் என் மனைவி. நானும் சிரிப்பேன். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்த நாளெல்லாம் இரண்டு தடவை கை கழுவுவேன்.

கை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். சிலருடைய வியர்வை இரும்புக்கு ஆகாது. பட்டறையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்டவரை மெருகேற்றிய சாமான் பக்கம் விடமாட்டார்கள். தொட்டவுடன் ஒன்றும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தொட்ட இடத்தில் பழுப்பாக விரல்கள் முளைத்திருக்கும். ரேகையை எண்ணலாம். நான் அதற்குத் துருக்கை என்று பெயர் வைத்திருந்தேன். என் கை காய்ந்த கை. நாள் முழுக்கப் பிடித்திருந்தாலும் ஒன்றும் ஆகாது.

என் மனைவிக்குத் துருக்கை. கல்யாணமான இரண்டாவது வாரம் என் எஃகு மூலைமட்டத்தை ஆசையாக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். மறுநாள் அதில் நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் இருந்தன. நான் திட்டவில்லை. ஒரு ஜோடி துணிக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் போட்டுக்கொண்டு வந்தாள், பிறகு பட்டறைப் பக்கம் வருவதை விட்டுவிட்டாள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

அவளுடைய அண்ணன், என் மச்சான், லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டு வேலை போனதும் எங்கள் வீட்டுக்கு வந்தார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவர் வந்து ஏழு மாதம். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. என் மகளுக்கு எட்டு வயது. மாமா, மாமா என்று அவர் முதுகிலேயே கிடப்பாள். எனக்கு அவருடைய குணத்தில் புகார் இல்லை. அவருடைய உடம்பில்தான் புகார்.

மனித உடம்பிலிருந்து எவ்வளவு கசிகிறது என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா, ஐயா? மச்சானைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கழுத்து மடிப்பில் வியர்வை. காதுக்குள் மஞ்சளாக ஒன்று. அதை, இரும்பில் கோடு கிழிப்பதற்காக நான் தீட்டி வைத்த ஊசியால் குடைந்து எடுத்து, நுனியைப் பார்த்துவிட்டு, சட்டையில் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைப்பார். மூக்கைச் சிந்திய பஞ்சுக் கழிவை மறுபடி பஞ்சு டப்பாவில் போடுவார். தெரியாமல் அதை எடுத்து நான் லேத்தைத் துடைத்திருக்கிறேன். தகரம் வெட்டும் கத்தரியால் கால் நகம் வெட்டினார். ஒரு துண்டு தெறித்து லேத்தின் பற்சக்கரங்களுக்குள் விழுந்தது. தடித்து, மஞ்சளாக, அடியில் அழுக்கோடு. அதை இடுக்கியால் எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அன்று இரவு சாப்பாட்டில் கை வைத்ததும் குமட்டிவிட்டது. எழுந்துவிட்டேன்.

"உள்ள ஏசி போட்ட மாதிரி இருக்கு மாப்பிள்ளை. இடுப்புக்கு இதமா இருக்கு. ஒரு ஓரமா படுத்துக்கறேனே" என்றார். மடக்குக் கட்டிலைக் கொண்டுவந்து தகடுகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நான் தகடுகளை ஓரடி தள்ளி வைத்தேன்.

ஒரு தடவை நேராகவே கேட்டேன். "மச்சான், படுத்துக்குங்க. ஆனா எதையும் தொடாதீங்க."

"சரி மாப்பிள்ளை, சரி. கையைக் கட்டிக்கிட்டே படுத்துக்கறேன்." அப்படியே கையைக் கட்டிக் காட்டினார். பிறகு உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினார். ஈரமாக மின்னியது. "இது எங்க பரம்பரைச் சொத்து. எங்கப்பாவைக் கடிகாரக் கடையில ஒரே வாரத்துல துரத்திட்டாங்க. தங்கச்சிக்கும் இதே கைதான், உங்களுக்குத் தெரியும். நம்ம பாப்பா கையைப் பிடிச்சுப் பாருங்க, அதுவும் எங்க வீட்டுக் கைதான்." சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். பல் இடுக்கில் காலையில் சாப்பிட்டது இருந்தது.

கையைக் கட்டிக்கொண்டு படுத்தவரின் விரல்கள் மறுநாள் ஐந்து இடங்களில் இருந்தன. எண்ணெய்த் துணியும் உப்புத்தாளுமாக ஒவ்வொன்றாக எடுத்தேன். தினமும் வேலை முடிந்ததும் கதவு முதல் கடைசி அரம் வரை எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன். முன்பெல்லாம் அது எனக்குப் பிடித்த வேலை. அவர் வந்த பிறகு, பிறத்தியாருக்கு உடம்பு கழுவிவிடுவது போல் ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நான்கு மாதமாக, மற்ற சாமான்களின் சமம் பார்ப்பதற்கு ஒரு வார்ப்பிரும்புப் பலகை செய்துகொண்டிருந்தேன். இரண்டு கை அகலம். அதன் முகம் அப்பழுக்கில்லாத சமமாக இருக்கவேண்டும். நீல மை தடவி, இன்னொரு பலகையோடு ஒற்றி, மை ஒட்டுகிற இடமெல்லாம் மேடு என்று தெரிந்துகொண்டு, அந்த மேட்டை மட்டும் உளியால் சுரண்டவேண்டும். மறுபடி மை, மறுபடி ஒற்றல், மறுபடி சுரண்டல். பிழை திருத்துவது போலத்தான். நான்கு மாதம் கழித்துச் சனிக்கிழமை மாலை முடித்தேன். அவ்வளவு சரியான ஒரு பொருள் எங்கள் வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

ஞாயிறு காலை, பட்டறைக்குள் கட்டியிருந்த புது உலையில் கரி போட்டு மெதுவாக எரியவிட்டேன். உலையின் உட்பூச்சு ஈரமாக இருந்தது. நாள் முழுக்கச் சிறு தீயில் காயவேண்டும். உலை எரியும்போது கதவைத் திறந்தே வைக்கவேண்டும். அப்படி ஓர் எச்சரிக்கையைச் சுவரில் எழுதி மாட்டியது நான்தான், பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. கரியிலிருந்து வரும் விஷக்காற்று கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வாசலில் ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன். மச்சான் உள்ளே போய்ப் படுத்தார்.

மத்தியானம் தூறல் போட்டது. "அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடுங்க" என்று மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். போனேன். கட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் கட்டிலில். இன்னொரு கால் என் பலகையின் மேல். வெறுங்கால். வெடித்த குதிகால், வியர்வை, விரலிடுக்கில் கறுப்பு. அந்தப் பாதம் தூக்கத்தில் லேசாக நகர்ந்தது, சுகமாகத் தேய்த்துக்கொள்வது போல. எனக்குக் கோபம் வரவில்லை.

தூறல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினேன். வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். அடுக்களைக்கு வந்து, "தூங்குறார், அப்புறம் சாப்பிடுவார்" என்றேன். சாப்பிட்டேன். அன்று ஏழு மாதத்துக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட முடிந்தது.

முதல் நாள் உங்களிடம் சொன்னது இதுதான்: அவர் தூங்கிக்கொண்டிருந்தார், உலை எரிவதை மறந்து மழைக்காகக் கதவைச் சாத்தினேன், மாலையில் திறந்தபோது கட்டிலில் தூங்கியபடியே போய்விட்டிருந்தார். தூங்கினவர் எழுந்திருக்கவில்லை, நோகாத சாவு என்று மனைவிக்கும் சொன்னேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு நாள் ஒருவழியாக இருந்தாள். நீங்களும் விபத்து என்று எழுதிவிட்டு, பட்டறையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனீர்கள்.

இரண்டு நாள், ஐயா. அந்த இரண்டு மாலையும் உள்ளே யாரும் எண்ணெய் துடைக்கவில்லை. மழை வேறு விடவில்லை.

மூன்றாம் நாள் பூட்டைத் திறந்தீர்கள். அண்ணன் படுத்திருந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று மனைவி வந்தாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு உள்ளே வருகிறாள். கையுறை போட்டிருக்கவில்லை. தனியாக இருக்கவேண்டும் என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். திறந்திருக்கும்வரை மெருகேற்றிய முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாத்தினால்தான் தெரியும்.

அவள் கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து உங்களைக் கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. "இது எங்க அண்ணன் கை" என்றாள். தன் உள்ளங்கையை அந்தப் பழுப்புக் கையின் மேல் வைத்துக் காட்டினாள். மார்பு உயரத்தில் நாலைந்து. அதற்குக் கீழே இழுபட்டுச் சறுக்கிய இரண்டு. முழங்கால் உயரத்தில் விரல்கள் மட்டும். ஒவ்வொன்றும் அச்சடித்தது போல. என் கதவைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அதே குமட்டல்தான். செத்த பிறகும் அழுக்காக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் கதவைத் தட்டியது கேட்டதா என்றுதானே கேட்கிறீர்கள். கேட்டது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது சத்தம் வந்தது. மனைவி மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள், முன்னறையில். நான் நடந்து பட்டறைக்குப் போனேன். கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. இப்படி அதிர்ந்தால் தகட்டின் திருகாணிகள் தளர்ந்துவிடும். அதனால் கைப்பிடியை என் பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "மாப்பிள்ளை, கதவு சிக்கிக்கிச்சு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு, "தலை சுத்துது மாப்பிள்ளை" என்றார். நான் வெளியே நிற்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கடைசியாக, ரொம்பத் தணிந்த குரலில், கதவின் அடியிலிருந்து சொன்னார். "நான் எதையும் தொடலை மாப்பிள்ளை."

அது பொய். பலகையில் கால் வைத்திருந்தார்.

மாலை ஐந்து மணிக்குத் திறந்தேன். கதவு பாதிதான் திறந்தது, அவர் குறுக்கே கிடந்தார். காற்றுப் போகட்டும் என்று கொஞ்சம் வெளியே நின்றேன். பிறகு அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். கனமாக இருந்தார், ஈரமாகவும் இருந்தார். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். பலகையைத் துடைத்தேன். அதன் பிறகுதான் கூச்சல் போட்டேன். கதவைத் துடைக்கத் தோன்றவில்லை. நான் விட்ட பிழை அது ஒன்றுதான்.

நான் கொடூரமானவன் இல்லை, ஐயா. குடிக்கமாட்டேன், மனைவியை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு சின்ன உதவி. நேற்று மாலை நீங்கள் பூட்டைத் திறக்க வருவதற்குக் கொஞ்சம் முன்னால், என் எஃகு ஸ்கேலைச் சுத்தமாகத் துடைத்து மகளிடம் கொடுத்து, நூறு எண்ணும்வரை இறுக்கிப் பிடித்திருக்கச் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எண்ணினாள். அது அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. இந்நேரம் தெரிந்திருக்கும். யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லவேண்டும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், நடுவில் தொடவேண்டாம்.