கீறல் இல்லாத ஆறு

பழைய கார்ட்டூன் படங்களைச் சுத்தம் செய்து மறுபடி டிஸ்க்கில் விடும்போது பச்சை நிறத்தை மட்டும் கொஞ்சம் தூக்கலாக வைத்துவிடுகிறார்கள். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. குட்டி யானையின் கண்ணிமை முடிகூடத் தெரிகிறது. பழையது கையில் இருக்கும்போது புதிதாக வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றுதான் சொல்வேன்.

நான் வாங்கியது என் தம்பி வம்சிக்காக. வயது இருபத்து நான்கு. மனம் ஐந்து வயதுப் பிள்ளையுடையது. தினமும் மத்தியானம் அவனுக்கு அந்த ஒரே படம். எங்களிடமிருந்த டிஸ்க்கில் ஒரு கீறல் உண்டு. குட்டி யானை ஆற்றங்கரைக்கு வந்ததும் படம் நின்றுவிடும். வம்சி எழுந்து, "பயப்படாத, தண்ணி முட்டியளவுதான்" என்று அதற்குச் சொல்வான். அடுக்களையிலிருந்து அம்மா, "தாண்டிட்டியா சாமி?" என்பாள். "தாண்டிட்டேன்" என்பான். அதற்குள் படம் நகர்ந்திருக்கும். பிறகு அன்று முழுவதும் அவனால் யாருக்கும் தொந்தரவில்லை. யானையைத் தான்தான் அக்கரை சேர்த்ததாக அவன் நம்பினான். எனக்கு அது தெரியும்.

பெருந்துறையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபியை ஆற்றிக்கொண்டே, "உங்களுக்கப்புறம் பையன ஆருங்க பாத்துக்குவாங்க?" என்று கேட்டார்.

"அக்காக்காரி இருக்கறாளுங்களே. படத்தப் போட்டுட்டாப் போதுமுங்க, பூனைக்குட்டியாட்டம் கெடப்பான்" என்றாள் அம்மா, சிரித்தபடி.

என்னை அவள் ஒருமுறையும் கேட்டதில்லை. வந்தவர்களிடமிருந்து அதற்குப் பின் தகவலே வரவில்லை. நான் அழவில்லை. அந்தப் படம் ஓடுகிறவரை அவன் இந்த வீட்டில்தான் இருப்பான், நானும் இருப்பேன் என்பது புரிந்தது.

புதிய டிஸ்க்கைப் பற்றிச் சொன்னதும் சித்தி மகள் பிரத்யுஷா தடுத்தாள். "பழசே இருக்கட்டுங்க்கா. அவன் அந்தக் கீறலுக்குப் பழகிட்டான்."

"அதுக்குன்னு காலம் பூராவும் ஒடஞ்ச படத்தையே பாக்கோணுமா?" என்றேன்.

"தம்பி மேல எத்தன ஆச பாரு இவளுக்கு" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிளேயரையும் மாற்றினேன். புதியதில் பழைய டிஸ்க் ஓடாது என்று அம்மாவிடம் சொன்னேன். ஓடும்.

முதல் நாள் வம்சி வழக்கம்போல் எழுந்து நின்றான். படம் நிற்கவில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் குட்டி யானை அக்கரையில் நின்று காதை ஆட்டியது. டிவிக்குப் பின்னால் போய்த் தேடினான். பிறகு அம்மாவிடம் வந்து, "தாண்டலம்மா" என்றான்.

"தாண்டிருச்சு பாரு கண்ணு, அங்க நிக்குது பாரு."

அவன் சுவரில் தலையை மோதத் தொடங்கினான்.

அந்த மழைக்காலம் முழுவதும் அப்படியே போயிற்று. தடுக்கப் போன அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. "ஓடாட்டிப் போவுது, பழசப் போட்டுப் பாக்கலாம். தேடு கண்ணு" என்று கெஞ்சினாள். நானும் அவளோடு சேர்ந்து அலமாரி, பரண் எல்லாம் தேடினேன். டிஸ்க் என் கைப்பையில் இருந்தது. கடைசியில் அவளே, "என்னால ஆகல. எங்கியாச்சும் கொண்டுபோய் உட்டுரலாம்" என்றாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வரவேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

அவிநாசிக்கு அப்பால் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். பெரும்பாலும் மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். போன வாரம் அங்கிருக்கும் டாக்டர் சஹீர் போனில் பேசினார். "எந்நேரமும் 'தாண்டல, தாண்டல'ங்கறாருங்க. வீட்ல அவருக்கு ரொம்பப் புடிச்சது ஏதாச்சும் இருந்தாக் கொண்டாந்து குடுங்க."

அன்றே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். புதியதைத்தான். கூடப் பிறந்தவனுக்குக் கொடுக்கிற பொருளைக் கீறலோடா கொடுப்பது?