அவர் போட்ட பூட்டு

ஹலோ... ஹலோ, யாருங்க? ... வீரமணி தம்பியா? ... ஆமா, அவரு நம்பர்தான். நான் அவரு சம்சாரம் இருசம்மா பேசுறேன் ... இல்ல தம்பி, நம்பரை நிறுத்தல. தினம் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். ரீசார்ஜ் பண்ணுங்கன்னு கம்பெனிக்காரன் கூப்பிடுவான், வேற யாரு கூப்பிடப் போறா ... அய்ய, உங்களைக் குத்திக்காட்டல. கருமாதிக்கு வந்தீங்க, பந்தல் பிரிக்கிற வரைக்கும் நின்னீங்க. போதும்.

ம், சாப்பிட்டேன் ... மக சிந்துவா? திருப்பூர்லதான், அவ வூட்டுக்காரரோட. அங்க வந்துருங்கிறா ... பாப்போம்.

சொல்லுங்க ... சாவியா? என்ன சாவி? ... செவப்புப் பூட்டு ... ஃபேக்டரியிலயா? ... ஆமா, ஆமா, சொல்லியிருக்காரு. மிசின்ல வேலை பாக்கும்போது சுவிட்சைப் பூட்டிட்டு, சாவியை அவங்கவங்க பையிலயே வச்சுக்கணும், வேற ஆளு தொறக்கக் கூடாதுன்னு ... அது இன்னுமா தொங்குது? ... ஓ, கியர்பாக்ஸ் வராம, சாமான் ஏத்திட்டுப் போற அந்த பெல்ட்டே நின்னு கெடந்துச்சா ... இப்ப மாட்டியாச்சு. ஓட்டணும். ம்.

... இங்க சாவி எதுவும் இல்ல தம்பி.

... தொங்கிட்டுப் போவட்டுமே, யாருக்கு என்ன தொந்தரவு ... பூட்டோட தொங்குற அட்டையில அவரு போட்டோவும் இருக்கா? சிரிச்சாப்லயா? போட்டோவுக்குச் சிரிக்கவே மாட்டாரே ... நீங்கதான் எடுத்தீங்களா. என்ன சொல்லிச் சிரிக்க வச்சீங்க? ... அட போங்க. என் கத்திரிக்காக் குழம்பைச் சொல்லியா? வூட்டுல ரெண்டு தடவை ஊத்திக்குவாரு அதை.

... என்னது, பூட்டை வெட்டுறதா? ... ஆபீசர் கையெழுத்துப் போட்டுட்டாரா ... நீங்க கட்டரைத் தொட மாட்டேன்னுட்டீங்க ... ம் ... ம் ... சாயந்தரத்துக்குள்ள சாவி வரலைன்னா வேற ஆளை வச்சு வெட்டிடுவாங்க.

தம்பி ... இருக்கு. சாவி இருக்கு. இப்பத்தான் பொய் சொன்னேன். வேலையைப் பாதியில வச்சிட்டு வூட்டுக்கு வந்தவரு, விடிஞ்சா எந்திரிக்கல. ஆணியில மாட்டுன சட்டையில இருந்துச்சு. ஃபேக்டரிப் பூட்டு நெனப்பே வரல, எதுக்குன்னு தெரியாம எல்லாப் பூட்டுக்கும் போட்டுப் பாத்தேன். பீரோ, டிரங்குப் பெட்டி, மோட்டார் கொட்டாய் ... எதுலயும் சேரல. எதையோ பூட்டி வச்சிட்டுப் போயிருக்காரு, நமக்குத்தான் தெரியலன்னு தலைமாட்டுலயே வச்சுக்கிட்டேன் ... அதுவும் தொறந்துட்டா அப்புறம் என்ன இருக்கு, சொல்லுங்க.

... வேணாம், பைக்ல ஆளு அனுப்பாதீங்க. குடுத்தனுப்ப மாட்டேன். நானே வரேன் ... செந்துறையிலேர்ந்து அரியலூர் பஸ்ஸு, ஃபேக்டரி கேட்டுல நிப்பாட்டுவான்ல? ... சரி ... ஹெல்மெட்டு குடுத்தா போட்டுக்கிறேன். பூட்டையும் அந்த அட்டையையும் எனக்கே குடுத்துரணும், ஆபீசர்கிட்ட இப்பவே கேட்டு வைங்க.

இன்னொண்ணு. தொறக்கறதுக்கு முன்னால பெல்ட்டு ஓரமாப் போயி சத்தம் குடுப்பாங்கல்ல, 'உள்ள யாரு, வெளிய வா'ன்னு? ... ஆமா, தூக்கத்துல கூட அப்படித்தான் கூப்பிடுவாரு. பக்கத்துல படுத்துக்கிட்டு, 'நான்தான் இருக்கேன், தூங்குங்க'ம்பேன்.

அதை நான் கூப்பிடுறேன் தம்பி ... யாரும் இருக்க மாட்டாங்கன்னு தெரியும். நல்லாத் தெரியும் ... கூப்பிட்டு, கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத்தான் தொறப்பேன்.

... ம். பஸ்ஸுக்கு நேரமாச்சு. வச்சிடுறேன்.