நாலு மணி நேரம்

— பேர் சொல்லாதேயும். பேரும் வேண்டாம், வண்டி நம்பரும் வேண்டாம். வக்காலத்துல கையெழுத்து ஆகற வரைக்கும் நான் யார் பேரையும் காதுல வாங்கிக்கறதில்லை. இருபத்தாறு வருஷமா இதான் என் வழக்கம்.

— அந்தப் பையன் யாருன்னு சொல்லத்தான் சார் மாடியேறி வந்தேன்…

— வேண்டாம்னேனே! தெரிஞ்சாத்தானே ஓய் நாளைக்கு எவனாவது கேட்டா பொய் சொல்லணும்? தெரியலேன்னா பொய்க்கே இடமில்லை. வக்கீல் விஜயராகவன் கோர்ட்டுல பொய் சொன்னதில்லைன்னு திருப்பதி பூரா தெரியும். உம்ம பேரை மட்டும் சொல்லும், போதும்.

— தாமோதரன் சார். நகரி. நாலு பவர்லூம் கீது. நெஞ்ச துணிய நானே டெம்போல ஏத்திக்கினு போவேன்.

— மொட்டை அடிச்சிருக்கீரே. மலைக்குப் போயிட்டு வர்றீரா?

— மூணு வருசமா இந்த மாசத்துல அடிக்கறேன் சார். ஒரு வேண்டுதல்.

— நல்லது, பெருமாள் பார்த்துப்பார். விஷயத்துக்கு வாரும். குடிச்சுட்டு ஓட்டினது நீர் இல்லையே?

— நான் தொடறதில்ல சார். அந்தப் பையன்தான். நாராயணவனம் ரோட்டுல, காலைல பதினோரு மணி, காரு ஓட்டிக்கினு வந்தான் பாரு, எம்மாம் வேகம்ன்ற! பூ விக்கற பொம்பளய ஒரு தட்டு. அப்டியே போயி புளியமரத்துல வுட்டுட்டான். நான் பின்னால வந்துக்கினு இருந்தேன். நான்தான் கதவ ஒடச்சி வெளிய இழுத்தேன். குப்புனு அடிச்சுது சார் வாசன.

— அந்தப் பூக்காரி பிழைச்சாளா?

— காலு ஒடஞ்சிடுச்சி. புத்தூர்ல எறக்கி வுட்டேன், கட்டு கட்டறாங்க.

— பையன்?

— என் டெம்போலதான் கீறான். துணி மூட்ட மேல படுக்க வெச்சிருக்கேன். என் லோடுமேன் துலுக்காணம் பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கறான்.

— போலீஸ் வந்தாளா?

— நாங்க கெளம்பற வரைக்கும் வர்ல.

— பேஷ். ஆஸ்பத்திரி?

— இன்னும் இல்ல சார். ஆஸ்பத்திரிக்குத்தான் நேரா வந்துக்கினு இருந்தேன். இந்த தபா வேற எங்கியும் நிக்கக் கூடாதுன்னு வந்தேன். பையன்தான் என் கையப் புடிச்சிக்கினான். ஆஸ்பத்திரி வேணாண்ணா, ரத்தம் எடுப்பாங்க, மொதல்ல லாயராண்ட போன்னு அழுவுறான். உங்க அட்ரஸ அவனே சொன்னான். கேட்டதும் ஸ்டியரிங்கு தானா திரும்பிடுச்சு.

— அடடா, கெட்டிக்காரப் பையன்! அந்த போதையிலயும் புத்தி தெளிவா வேலை செஞ்சிருக்கு பாரும். சின்னப் பசங்க வரைக்கும் நம்ம பேர் பரவியிருக்கு.

— பரவாம இன்னா சார்.

— எப்போ வந்தீர்? இப்போ ரெண்டே முக்கால் ஆகப்போறதே.

— ஒரு மணிக்கே வந்துட்டேன். சார் சாப்ட்டுட்டு படுத்துகீறாரு, எழுப்பக் கூடாதுன்னு உங்க குமாஸ்தா சொன்னாரு. உசுரு சமாச்சாரம்னேன். இங்க வர்ற எல்லாருக்கும் உசுரு சமாச்சாரம்தான், குந்துன்னாரு.

— அது அவனுக்கு நான் போட்ட உத்தரவு. கோச்சுக்காதேயும், உமக்கு நல்லதாத்தான் போச்சு. அந்த ஒண்ணேமுக்கால் மணி நேரமும் நமக்கு லாபம்.

— லாபமா சார்?

— கேளும். நூறு மில்லி ரத்தத்துல முப்பது மில்லிகிராம் வரைக்கும் சட்டம் கண்டுக்காது. அதுக்கு மேலே போனாத்தான் குற்றம். உடம்பு சும்மா இருக்குமா? மணிக்கு மணி தானே கரைச்சுண்டு வரும். நாலு மணி நேரம் கழிச்சு எடுத்த ரத்தத்தை வெச்சுண்டு, வண்டி ஓட்டின நேரத்துல எவ்வளவு இருந்ததுன்னு எந்த டாக்டரும் கூண்டுல நின்னு அடிச்சுச் சொல்ல முடியாது. சொல்ல நான் விட மாட்டேன். 'உத்தேசமா'ன்னு ஒரு வார்த்தையை அவர் வாயிலேர்ந்து வரவழைப்பேன். அது போதும், கேஸ் படுத்துடும்.

— ஊதச் சொல்ற மிசின் வெச்சிருப்பாங்களே சார்?

— ஊதினாத்தானே? ஆளே அங்கே இல்லை. மீறி ஊத வெச்சாலும் அந்த மிஷினைக் கடைசியா எப்போ சோதிச்சான்னு சர்ட்டிபிகேட் கேட்பேன். பாதி ஸ்டேஷன்ல அந்தக் காகிதத்தைத் தேடறதுக்கே ரெண்டு வாய்தா ஆகும். வாசனைக்கும் வழி இருக்கு. வயித்துக்கு அரிஷ்டம் சாப்பிட்டான்னு ஒரு வைத்தியர் சீட்டு வாங்கிடலாம்.

— அப்ப ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாமா, வேணாமா சார்? இங்கேர்ந்து பத்து நிமிசம்தான்.

— கெடுத்தீர் போம்! உள்ளே நுழைஞ்ச உடனே டூட்டி டாக்டர் மோந்து பார்த்துட்டு 'மது வாசனை'ன்னு ரிஜிஸ்டர்ல எழுதிடுவார். அந்த ஒரு வரியை அழிக்க என்னாலேயும் ஆகாது. பதினோரு மணிக்கு நடந்தது. மூணு அடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.

— வயித்தப் புடிச்சிக்கினு மொனகறான் சார்.

— ரத்தம் கித்தம் வரதா?

— வெளிய ஒண்ணும் இல்ல. கையி மட்டும் வீங்கி கீது.

— பின்னே என்ன? குடிச்சவன் வயித்தைப் பிடிச்சுக்காம வேற எதைப் பிடிச்சுப்பான்? வாந்தி வந்தா எடுக்க விடும்.

— தண்ணி தண்ணின்றான். ஒதடு வெள்ளையாப் போச்சு. இம்மாம் வெயில்லயும் தொட்டா சில்லுனு கீது. எனக்கு மனசு சரியில்ல சார். நான் இந்த மாதிரி முன்ன ஒரு தபா பாத்துகீறேன். ரெண்டாந்தபா கேக்கறேன், இட்டுக்கினு போயிடட்டுமா?

— பயம் ஓய், பயம்! ஜெயிலை நினைச்சாலே பாதிப் பேருக்கு உடம்பு சில்லிட்டுடும். நான் பார்க்காத குடிகாரனா? பொறும்… உம்ம சட்டைப் பையில என்னமோ கத்தறதே?

— பையன் போனு சார். அம்மான்னு வருது. எடுக்கட்டுமா?

— எடுக்கவே எடுக்காதேயும்! அவ கேட்டதும் அழுது ஊரைக் கூட்டி, நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் இழுத்துண்டு ஓடுவா. பெத்தவா மாதிரி கேஸைக் கெடுக்கறவா யாருமே கிடையாது. அணைச்சு வையும்.

— பாவம் சார். காலைலேர்ந்து கூப்ட்டுக்கினே இருக்காங்க. எங்க கீறான்னு ஒரு வார்த்த சொல்லிடலாமே.

— அணையும்ங்கறேன்!

— சரி சார். நீங்க சொல்றீங்க, ஆஃப் பண்ணிட்டேன். இதோ பாத்துக்கோங்க.

— அப்படி வாரும் வழிக்கு. மூணு மணிக்கு மேலே பையனைப் புத்தூருக்குக் கொண்டு போம். கை வீங்கியிருக்குன்னீரே, அங்கே கட்டுப் போடட்டும். யாரும் ரத்தம் எடுக்க மாட்டா. ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னு பின்னாடி கேட்டா, எலும்பு முறிஞ்சா நம்மூர்ல எல்லாரும் எங்கே போவாளோ அங்கேதான் போனோம்னு சொல்லும். அதை நம்பாதவா இந்தப் பக்கத்துல உண்டா?

— புத்தூருக்குப் போயி நேரமாயி, உசுரு போயிட்டா?

— போகாது. ஆனா புத்தூர் கட்டு எனக்கு ராசி, தெரியுமோ? மூணு வருஷம் முன்னாடி சித்தூர்ல ஒரு கேஸ். என் கட்சிக்காரன் நல்ல போதை. ஸ்கூட்டியில வந்த ஒரு காலேஜ் பொண்ணை அடிச்சுத் தள்ளிட்டான். உம்ம நகரிப் பொண்ணுதான். அவ தகப்பன் என்ன பண்ணினான்? கைதானே உடைஞ்சிருக்குன்னு புத்தூருக்கு அழைச்சுண்டு போயிட்டான். உள்ளே வயித்துல ரத்தம் கசிஞ்சுண்டே இருந்திருக்கு. நாலு மணி நேரம் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்கே என்ன மிச்சம்? எனக்கு அந்த நாலு மணி நேரம் போதுமே! தகப்பனைக் கூண்டுல நிறுத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். 'உம்ம பொண்ணைக் கொன்னது காரா, இல்லே நீர் வீணடிச்ச நாலு மணி நேரமா?'

— அதுக்கு அந்த ஆளு இன்னா சொன்னாரு சார்?

— என்னத்தைச் சொல்லுவான்? கூண்டுக் கட்டையைக் கெட்டியாப் பிடிச்சுண்டு நின்னான். என் கட்சிக்காரன் அபராதத்தைக் கட்டிட்டு ஆத்துக்குப் போயிட்டான்.

— அப்ப கொன்னது காரு இல்ல. தாமசம்தான்.

— அதேதான்! டக்குனு பிடிச்சுண்டீரே.

— தாமசம் பண்ணவன்தான் கொலகாரன். கரெக்ட்டா சார்?

— வாதத்துல அப்படித்தான் வரும்.

— இரு சார், துலுக்காணம் கூப்புடறான்… ஆங், சொல்லுடா… எப்போலேர்ந்து?… சரி, லைன்லயே இரு. சார், மொனகறது நின்னுபோச்சாம். கண்ண மூடிட்டானாம், தூங்கறான் போலன்றான். மூணாந்தபா கேக்கறேன் சார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடட்டுமா? நீங்க ம்னு சொன்னா போதும்.

— தூங்கறானோல்லியோ? தூங்கட்டும்! தூக்கத்துலதான் போதை நன்னா இறங்கும். யாரும் எழுப்பப்படாதுன்னு சொல்லும்.

— எழுப்பாத துலுக்காணம். லாயரு சொல்றாரு… ஆமாண்டா, அவரேதான் சொல்றாரு. போன வெய்யி.

— நீர் ரொம்ப இளகின மனசுக்காரர் தாமோதரன். எவன் பெத்த பிள்ளைக்கோ இப்படிப் பதறறீர்.

— பிரித்திகா சார்.

— யாரு?

— அந்தப் பொண்ணு பேரு. நீங்கதான் பேரெல்லாம் காதுல வாங்க மாட்டீங்களே, அதான் ஞாபகம் இல்ல. வயிறு வலிக்குது நைனான்னு சொல்லிக்கினே வந்தா. நான் கையத்தான் பாத்தேன். நம்ம ஊர்ல அடிபட்டா புத்தூருதானே சார்? ரெண்டு மணி நேரம் வரிசைல நின்னேன். கட்டு கட்டறவரே அவ மூஞ்சப் பாத்துட்டு, இது எலும்பு இல்லய்யா, ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னாரு. ஓடினேன். அன்னிக்குக் கூண்டுல நின்னப்ப எனக்குத் தல நெறைய முடி. அதான் உங்களுக்கு அடையாளம் தெரில.

— நீரா… நீர்தானா அது? பாரும் தாமோதரன், அது என் தொழில். அங்கே பேசினதை மனசுல வெச்சுக்கப்படாது. உமக்கு என் மேலே கோபம்னா, எவனோ ஒரு குடிகாரப் பயலுக்காக என்கிட்டே ஏன் வந்தீர்?

— அவன் கேட்டான் சார். அடிபட்டுக் கெடக்கறவன் கேக்கறத செய்யணும் இல்ல? என் பொண்ணு கேட்டத நான் செய்யல. உங்க போனு அடிக்குது, எடுங்க.

— ஆத்துக்காரிதான். இரும், ஸ்பீக்கர்ல போடறேன், எனக்கு ஒரு காது மந்தம். சொல்லு பூமா, கட்சிக்காரர் இருக்கார்.

— ஏன்னா, கௌஸ்துப் அங்கே வந்தானா?

— கௌஸ்துப்பா? பெங்களூர்ல இருக்கற பிள்ளை இங்கே எப்படி வருவான்?

— உங்ககிட்டே சொல்லாதேன்னான், குடிக்கறதுகளோட சேராதேன்னு நீங்க கத்துவேளாம். நாராயணவனத்துல சிநேகிதனுக்குக் கல்யாணம். காரை எடுத்துண்டு நேத்தே வந்துட்டான். கார்த்தால முகூர்த்தம் ஆச்சு, கிளம்பிட்டேன், சாப்பாட்டுக்கு ஆத்துல இருப்பேன்னு பத்தரைக்குப் பேசினான். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டேன்! ரிங் போயிண்டே இருந்தது. இப்போ திடீர்னு அணைச்சு வெச்சிருக்குன்னு வரது. யார் அணைச்சிருப்பா? ஏன்னா? பேசுங்கோளேன்!

— தாமோதரன்… அந்தப் பையன் பேர்… பேரைச் சொல்லும் ஓய்.

— நீங்கதான் வேணாம்னீங்க சார்.

— உம்ம டெம்போ எங்கே? எங்கே நிக்கறது!

— உங்க ஜன்னலுக்கு நேர் கீழதான் சார், வேப்பமரத்து நெழல்ல. அதோ, மணியும் மூணு அடிக்குது. நாலு மணி நேரம் ஆயிடுச்சு, இனிமே தாராளமா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம் வாங்க.