சூடு தேடி வந்தவர்கள்

விழுப்புரத்தில் திண்டிவனம் பேருந்து ஏறியதிலிருந்து மடியில் இருந்த குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலா, சித்திரை வெயிலா என்று தீர்மானிக்க முடியவில்லை. அப்போதுதான் முன் இருக்கையில் இருந்த வேர்க்கடலை விவசாயி தன் மனைவியின் தம்பியிடம் சொன்னார்:

"சூடு வேணும்னு மூணு நாட்டுக்காரங்க ஒண்ணா சேந்துக்கினு நம்ம மல்லாட்டைக் கொல்லைக்கு வந்தாங்க மச்சான்."

"நம்ம ஊரு ஒலக்கூருக்கா? சூட்டுக்கா? ரோட்டுல நின்னாலே போதுமே மாமா!"

"மேல இருக்கறது வேணாமாம். பூமிக்கு அடியில இருக்கற சூட்டுல கரண்ட் எடுப்பாங்களாம். போர் போட்டுப் பாக்கறோம்னாங்க. நம்ம கெணறு வத்திப் போச்சு, மல்லாட்டை வாடுது. போற வழியில தண்ணி வந்தா நமக்குத்தானேன்னு தலையாட்டிட்டேன்."

"வந்துச்சா?"

"பீச்சிக்கினு வந்துச்சு. உங்கக்கா ஓடிப்போய் மஞ்சள் குங்குமம் போட்டு, கற்பூரம் ஏத்திட்டா. வெள்ளைக்காரங்களுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. தண்ணி எடைஞ்சலாம். இரும்புக் குழாய் எறக்கி, சுத்தி சிமெண்ட் ஊத்தி அடைச்சிட்டு, கீழ போய்க்கினே இருந்தாங்க."

"அடப்பாவிங்களா! அந்தக் குழியையாவது வுட்டுட்டுப் போனாங்களா?"

"அதையும் மூடிட்டாங்க. மூணு கொடி நட்டு, எனக்கு சால்வை போத்தி, கூட்டு முயற்சி வெற்றின்னு போட்டோ புடிச்சாங்க."

"அப்ப சூடு கெடைச்சிதா?"

"பத்தலையாம்."

குழந்தையின் நெற்றியை மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.

"மல்லாட்டை என்ன ஆச்சு மாமா?"

"மேல இருந்த சூடே அதுக்குப் பத்திடுச்சு. நேத்து மாட்டை அவுத்து உள்ள மேய வுட்டுட்டேன்."