இரண்டாவது ஸ்பீக்கர்

"இன்னிக்கு உன் வண்டிய எடுத்துக்கினு போன செல்வம் சைரன் போடாம போனா போதும்" என்றார், அடையாறு சிக்னலில் நின்ற பேருந்தில் எனக்கு முன் சீட்டிலிருந்தவர். வண்டிகளுக்கு வயரிங் செய்பவர். பக்கத்தில் அவர் நண்பர், ஆம்புலன்ஸ் டிரைவர்.

"இன்னா மச்சி சொல்ற?"

"நேத்து உன் வண்டில சைரனுக்கு இன்னொரு ஸ்பீக்கர் மாட்னேன்ல, வயரு போற ஓட்டைல ரப்பர் வைக்க மறந்துட்டேன். தகரத்துல உரசி வயரு கிழிஞ்சா, சைரன் போட்டதும் பொறி பறக்கும். பக்கத்துலயே ஆக்சிஜன் சிலிண்டர் கீது."

"அடப்பாவி! அவன் இப்பதான் பேஷண்ட்டை ஏத்திக்கினு கெளம்பினான்."

டிரைவர் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார்.

"எடுக்க மாட்றானே!"

"சைரன் போட்டிருப்பான். போன் அடிக்கறது எப்டி கேக்கும்? சத்தம் பத்தலைன்னு ரெண்டாவது கேட்டது நீதானே?"

பேருந்து நகர்ந்தது. டிரைவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.