சனிக்குப் போகும் குலுக்கை

— இன்னொரு தடவை கூட்டிப் பாரும், சோலைமுத்து. எங்கயாவது ஒரு கால் கூடுதலா விழுந்திருக்கும்.

— மூணு தடவை கூட்டிட்டேன்யா. நாப்பத்திரெண்டேகால் டன் வருது. அவிய கேட்டிருக்கது நாப்பது.

— மேல போனா?

— படத்தைப் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டோம்னு மதுரை விஞ்ஞானச் சங்கத்துக்காரங்க போட்டிக் கடுதாசியிலயே போட்டிருக்காங்க. எஞ்சின் எங்க பொறுப்பு, ஆறு பேரு குடியிருக்க வீடு மட்டும் உங்க பொறுப்பு. சனிக்குப் போக ஆறு வருசம், திரும்பி வர ஆறு வருசம். வீடு நாப்பது டன்னுக்குள்ள இருக்கணும்னு.

— கோவில்பட்டி பஸ் எப்ப?

— மூணு மணிக்கு. அதுல போனாத்தான் சாயங்காலத் தபால்ல சேக்க முடியும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை அவிய கையில இருக்கணும்.

— அப்ப ரெண்டு மணி நேரம் கெடக்கு. முப்பத்தோரு வருசம் ஓவர்சியரா இருந்து கம்மாயும் மதகும் கட்டினவன் நான், கேட்டீரா. ராஜமணி பிளான்ல ஒரு அடி தப்புன்னு எந்த இஞ்சினியரும் சொன்னதில்லை. வெள்ளைக்காரன் இருந்த காலத்துலயும் சொன்னதில்லை. இப்பப் போயி எடை கூடிப் போச்சுன்னு திரும்பி வந்தா, இந்தப் பசுவந்தனையில எங்க வீட்டுப் பேரு என்ன ஆகும்?

— தம்பி, நான் ஒண்ணு கேக்கேன். சனி இங்க வந்து நம்மளப் பிடிக்கது போதாதா? ஏழரை வருசம் பத்தாதுன்னு பன்னெண்டு வருசத்துக்கு நாமளே தேடிப் போகணுமா?

— நீ உள்ள போ ரெங்கம்மா. இங்கன எடை பாத்துக்கிட்டு இருக்கோம்.

— போறேன், போறேன். நீராகாரத்தை வச்சிட்டுப் போறேன். மாசியில காலை முறிச்சுக்கிட்டு, மாவுக்கட்டோட செவத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்த மனுசன். இந்தத் தம்பி ஒரு கடுதாசியைக் கொண்டாந்து நீட்டின பெறகுதான் எந்திரிச்சு உக்காந்தாரு, நேரத்துக்குச் சாப்பிட்டாரு. அதுக்காக அந்தச் சனிக்கு ஒரு கும்பிடு போடுதேன். தம்பிக்கு ரெண்டு கும்பிடு.

— நான்லாம்மா கும்பிடணும். அந்த அறிவிப்பை எங்க பள்ளிக்கூடத்துப் பலகையில ஒட்டி வச்சப்போ, பௌதிக வாத்தியாரு ராக்கெட்டு விடப் போறாராம்னு மத்த வாத்தியாருமாரு சிரிச்சாங்க. ஐயாகிட்ட வந்து தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஐயா ஒரு வார்த்தை கேக்கலை. பேப்பரை எடும், எந்தப் பக்கம் வடக்குன்னு மட்டும் கேட்டாங்க.

— வானத்துல வடக்கு இல்லைன்னு நீரு சொன்னீரு. அன்னைக்குத்தான் எனக்கு இந்த வேலை பிடிச்சுது. ரஷ்யாக்காரன் ஆளை மேல அனுப்பி அஞ்சு வருசமாச்சு, பூமியைச் சுத்திட்டு எறங்குததோட சரி. நாம சனி வரைக்கும் வீடு கட்டுதோம். சரி, ஒண்ணொண்ணா வாசியும்.

— வெளிச்செவரு, தகடு, ஒம்பது டன்.

— அதுல கொறைச்சா ஓட்டை விழும். அடுத்தது.

— தானியம், இருபது டன். ஆளுக்கு நாளைக்கு முக்காக் கிலோ.

— அதுல கை வைக்கக் கூடாது.

— யாருய்யா கை வைப்பா? அதுலா நம்ம கப்பலே. வளையம் வளையமாத் தானியத்தை அடைச்சு, நடுவுல ஆளுகளை உக்கார வச்சீங்க. வெளிய இருந்து வார கதிர்வீச்சு ஆளு மேல படுமுன்ன ஒன்றரை முழம் கம்பையும் பயறையும் தாண்டணும். மதுரைக்காரங்களுக்குக் குலுக்கைன்னாப் புரியாதேன்னு, 'ஆளுயரத்துக்கு மண்ணால வனையுத தானியக் குதிரு'ன்னு ஓரத்துல குறிப்பு எழுதியிருக்கேன்.

— தின்னத் தின்னச் செவரு கரையுமேன்னு நீரு மடக்கினீரு.

— அதுக்கு அம்மாதான் வழி சொன்னாங்க.

— நான் வெள்ளந்தியாச் சொன்னேன் தம்பி. கீழ தானியத்தை எடுக்க எடுக்க, மேல எதையாவது போட்டு நெரப்பிக்கிடலாம்லான்னேன். கக்கூசுல விழுததைக் காயவச்சு நெரப்பப் போறாகன்னு இவிய பெறகுதான் சொன்னாக. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை.

— உன் யோசனைன்னு ஓரத்துல எழுதச் சொல்லட்டுமா?

— ஐயோ, என் பேரு வேண்டாம். என் அண்ணன் மக்க படிச்சிட்டுச் சிரிப்பாளுக.

— மேல வாசியும், வாத்தியாரே.

— படுக்கை, துணி, கருவி எல்லாம் நாலு. காத்து அடைச்ச சிலிண்டரு மூணு டன். குளிர் தகடு ஒன்னேமுக்கால்.

— அதுவும் போக முடியாது. பன்னெண்டு வருசத்துத் தண்ணியையும் சுமந்துக்கிட்டுப் போனா எண்பது டன்னுன்னு நீரு போட்டுக் காட்டினீரே. ஆறு பேரு விடுத மூச்சு, வேர்வை, அம்புட்டும் அந்தத் தகட்டுல வேர்த்து வடியணும். வடிஞ்சது மறுபடி குடிக்கத் தண்ணி. தண்ணியோட அருமை எங்களுக்குத் தெரியும்வே. தாது வருசப் பஞ்சத்துலயும் எங்க தாத்தா வெட்டின கிணறு வத்தலை. இந்தக் கோடையில ஊர்க்கிணறு பூரா உப்பு தட்டிப் போச்சுன்னு வாரவன் போறவனெல்லாம் சொல்லுதான், எங்க வீட்டுத் தண்ணி இளநி மாதிரி இருக்கு. காலம்பற கொல்லையில கப்பி கிறீச்சிடுத சத்தம் கேட்டா எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

— நீராகாரம் ஆறுது, குடிங்க.

— நீரே சொல்லும் சோலைமுத்து, எங்க தெருவுல இப்படித் தண்ணி உண்டா?

— நல்ல தண்ணிதான்யா.

— அதான் கப்பலுக்கு எங்க தாத்தா பேரை வைக்கணும்னு நான் ஒத்தக்கால்ல நிக்கேன். பேரு எழுதுத கட்டத்தைக் கடைசியில எழுதலாம்னு விட்டு வச்சிருக்கேன். அடுத்தது என்ன?

— முன் தொட்டி, தண்ணியும் தகடும் குழாயுமா ரெண்டேகால். பின் தொட்டி, அதுவும் ரெண்டேகால்.

— ம்.

— ஐயா, கூடுதலா வாரதும் ரெண்டேகால்.

— எனக்குத் தெரியாதா? அது ஆபத்துக்கு வச்சது. ஒண்ணு ஒடைஞ்சா இன்னொண்ணு வேணும்லா.

— நானும் இம்புட்டு நாளு அப்படித்தான் நெனச்சிருந்தேன். அப்படின்னா ரெண்டுக்கும் நடுவுல ஒரு குழாய் போகணும், மதகு மாதிரி ஒரு அடைப்பு வேணும். நீங்க எந்தக் கம்மாய்க்கும் மதகு வைக்காம விட்டதில்லை. இங்கன வைக்கலையே.

— விட்டுப் போயிருக்கும்.

— முன் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு மாடம் வரைஞ்சு, அதுல நாலு டம்ளர் வச்சிருக்கீங்க. பின் தொட்டிக்குப் பக்கத்துல செவத்துல ஆணி. ஆணியில ரெண்டு டம்ளர் தொங்குது.

— எங்க, தாளை இப்படித் திருப்பும்.

— அதுக்குப் போற வழியும் தனியா இருக்குய்யா. வெளிச்செவரு ஓரமாவே வந்து, குடிச்சிட்டு, அப்படியே திரும்பிப் போகணும்.

— நான் அதை நெனச்சு வரையலை, சோலைமுத்து.

— தெரியும்யா. நெனச்சிருந்தா வரைஞ்சிருக்க மாட்டீங்க.

— கை தன்னால வரைஞ்சிருக்கு. வீடுன்னா ரெண்டு பானை. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. எங்க வீட்டுல, எங்க பெரியப்பா வீட்டுல, கழுகுமலையில என் தம்பி வீட்டுல, எல்லா வீட்டுலயும். பொறந்ததுல இருந்து பாத்தது. இந்த மேசையை வண்டிக் கொட்டகைக்கு எடுத்துப் போடச் சொன்னேன். காத்துக்காகன்னு உம்மகிட்டச் சொன்னேன்.

— கொட்டகையில காத்து நல்லாத்தான் வருது.

— நீரு தெனமும் ஒரு கூஜா கொண்டாருதீரு. எதுக்குன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

— கேட்டிருந்தா நான் என்னத்தைச் சொல்ல?

— சரி. ரெண்டேகால் டன்னை வேற எங்கயாவது கொறைக்க வழி பாரும்.

— வேற எங்கயும் இல்லைய்யா. பின் தொட்டியை எடுத்துட்டாச் சரியா நாப்பது.

— எடுக்க முடியாதுவே. உமக்குச் சொன்னாப் புரியாது. இது மதுரையில கண்காட்சியில தொங்கும், கீழ என் பேரு இருக்கும். போன மாசம் என் தம்பி வந்தான். வாத்தியாரு வாராரு போறாருன்னு கேள்விப்பட்டேன், வண்டிக் கொட்டகையோட நிப்பாட்டிக்கிடுங்கன்னு சொல்லிட்டுப் போனான். அவன் அந்தப் படத்தை வந்து பாப்பான். ஆறு பேருக்கும் ஒரே தொட்டியா, நம்ம அண்ணனா இதை வரைஞ்சாருன்னு நாலு பேரு முன்னால கேப்பான். எங்க தாத்தா பேரை மேல எழுதி வச்சிக்கிட்டு நான் என்ன பதில் சொல்ல?

— அவிய கேட்டா, குளிர் தகட்டைக் காட்டுங்கய்யா.

— அதுல என்ன இருக்கு?

— தகடு ஒண்ணுதான் வரைஞ்சிருக்கீங்க. ஆறு பேரு மூச்சும் அதுல வந்துதான் வேர்க்குது. வடியுத சொட்டுல எது யாரு மூச்சுன்னு பிரிக்க எனக்குத் தெரிஞ்ச பௌதிகத்துல வழி இல்லை. ஒண்ணாச் சேந்து வடிஞ்ச தண்ணியைக் கீழ ரெண்டு தொட்டியில பிரிச்சு ஊத்துதோம். அந்தப் பிரிப்புக்காகத்தான் ரெண்டேகால் டன்.

— ரெண்டு தகடு வச்சா?

— காத்து ஒண்ணுதானய்யா.

— ம். காத்து ஒண்ணுதான். ரப்பரை எடும்.

— மையில போட்ட கோடுய்யா. ரப்பருக்குப் போகாது.

— அப்பச் சவர பிளேடு ஒண்ணு அந்த டப்பாவுல கெடக்கும், எடும். இல்லை, நீரு தொட வேண்டாம். நான் போட்ட கோடு, நானே சுரண்டுதேன்.

— சுரண்டினா தடம் தெரியும்யா.

— தெரியட்டும். ராஜமணி தன் தப்பைத் தானே கண்டு திருத்தினான்னு தெரியட்டும். அது எங்க வீட்டுக்குக் கொறைச்சல் இல்லை. உண்மையில நீரு கண்டு சொன்னது. அதை நான் மறக்க மாட்டேன். உம்ம இடத்துல வேற ஒருத்தன் இருந்தா, இந்த ஆணியைப் பாத்த அன்னைக்கே தாளைக் கிழிச்சு எறிஞ்சிட்டுப் போயிருப்பான்.

— நீங்க வரைஞ்ச தாளைக் கிழிக்க எனக்குக் கை வராதுய்யா.

— தொட்டி போச்சு. ஆணியும் போச்சு. மாடத்துல இன்னும் ரெண்டு டம்ளர், இந்தாரும், ஆறு. கூட்டும்.

— நாப்பது. சரியா நாப்பது.

— மணி?

— ரெண்டேகால் ஆகப் போகுது.

— ரெங்கம்மா, உள்பானையில இருந்து ஒரு செம்புத் தண்ணி கொண்டா. வாத்தியாருக்கு. எங்க தாத்தா வெட்டின கிணத்துத் தண்ணி, சோலைமுத்து. அந்தப் பானைத் தண்ணியை இந்த வீட்டுல வெளியாளு யாரும் குடிச்சதில்லை. இன்னைக்கு என் கையால நான் உமக்குத் தாரேன்.

— இருக்கட்டும்யா. கூஜாவுல தண்ணி இருக்கு.

— வேண்டாம்னு சொல்லாதயும். எனக்கு இது சின்ன காரியம் இல்லை.

— எனக்கும் சின்னது இல்லைய்யா. ஆனா வேண்டாம். அம்மா, நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்.

— இல்ல தம்பி. அவியளே தொட்டியைச் சுரண்டிட்டாக. இதுக்கு மேலயும் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா நல்லாருக்காது.

— என்னது ரெங்கம்மா?

— கோவப்படாமக் கேளுங்க. இந்தத் தம்பி கடுதாசியைக் கொண்டு வந்த அதே வாரம் நம்ம கிணறு வத்திப் போச்சு.

— நம்ம கிணறா?

— அடியில சேறு மட்டும் கெடக்கு. நீங்க கட்டோட கெடந்தீக. பாக்க வாரவுககிட்டல்லாம் தாது வருசத்துக் கதையைச் சொல்லிக்கிட்டிருந்தீக. எனக்குச் சொல்ல மனசு வரலை.

— காலம்பற கப்பிச் சத்தம் கேக்குதே.

— வெறும் வாளியை விட்டு இழுக்கேன். நீங்க கேக்கணும்லா.

— அப்ப இந்த நாலு மாசமும் நான் குடிச்சது?

— இந்தத் தம்பி தெருக் கிணத்துத் தண்ணி. தம்பியோட அம்மை தெனமும் விடியுமுன்ன ரெண்டு குடம் கொண்டாருதாக. மொத நாலு நாளு கொல்லை வாசல்ல வச்சுக் குடம் மாத்தி வாங்கினேன். பெறகு என் இடுப்பு கேக்கலை. இப்ப அவியளே உள்ள வந்து, உள்பானையிலயே ஊத்திட்டுப் போறாக. இந்தச் செம்புலயும் அந்தக் கூஜாவுலயும் ஒரே தண்ணிதான்.

— நீ எதுவும் குடுத்தியா அவியளுக்கு?

— குடுத்தேன், வாங்கலை. 'எட்டு வருசமா என் மவன் நோட்டுல என்னத்தையோ போட்டுப் போட்டு யாருகிட்டயும் காட்டாம வச்சிருந்தான், ஒரு பெரிய மனுசர் அதை உக்காந்து வரைஞ்சு குடுக்காரு, ரெண்டு குடம் தண்ணி ஒரு பெருசாம்மா'ன்னு கேட்டாக.

— சோலைமுத்து, உமக்கு இது தெரியும்.

— தெரியும்யா.

— எங்க தெருவுல இப்படித் தண்ணி உண்டான்னு கேட்டேன். நல்ல தண்ணிதான்னு சொன்னீரு.

— நல்ல தண்ணிதானய்யா.

— செம்பைக் கீழ வைக்காத, ரெங்கம்மா. அவரு மொதல்ல குடிக்கட்டும். பெறகு எனக்குக் குடு.

— ஐயா, பஸ்ஸுக்கு நேரமாகுது. பேரு எழுதுத கட்டம் இன்னும் காலியாக் கெடக்கு. உங்க தாத்தா பேரைச் சொல்லுங்க, நான் எழுதுதேன்.

— பேனாவை என்கிட்டக் குடும். நானே எழுதுதேன், எழுத்து கோணக் கூடாது. நாலு மாசமா நான் கேக்காம விட்டது ஒண்ணு இருக்கு. உம்ம அம்மை பேரு என்ன?